காது கேட்கும் கருவியின் ரிசீவரை வீட்டிலேயே மாற்றலாமா?

மூத்தோருக்கான செவிநலப் பாடம்

வயது ஏற ஏறக் காது கேட்கும் திறன் குறைவது இயல்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்துள்ளது. பேராக் மாநிலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பீடோர், தாப்பா, சுங்கை வட்டாரங்களில் வாழும் மூத்தவர்கள் பலர் ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் ஈயச் சுரங்கத்திலும் மர ஆலையிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் இயந்திரச் சத்தத்தில் கழித்த அந்த ஆண்டுகள் செவியின் உள்ளே இருக்கும் நுண்ணிய அணுக்களைத் தேய்த்துவிடுகின்றன. தேய்ந்த அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

காது கேட்கும் கருவி இந்தக் குறையை ஈடு செய்கிறது. ஆனால் அது சிறிய, நுட்பமான கருவி. அதன் ஓர் உறுப்பு பழுதானாலும் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றதும் பலர் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். "அடுத்த மாதம் ஈப்போவுக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று வாரக் கணக்கில் காத்திருக்கிறார்கள். சிலரோ, பேரப்பிள்ளையின் உதவியோடு இணையத்தில் ஓர் உதிரிப்பாகம் வாங்கித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டிலும் ஆபத்து இருக்கிறது.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் கீழ்க்காணும் மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்:

• கருவியில் சத்தம் வராவிட்டால், பழுது எங்கே என்று வரிசையாகச் சோதிப்பது எப்படி?
• எந்த உறுப்பை வீட்டிலேயே மாற்றலாம்? எதைச் செவித்திறன் நிபுணரிடம் விட வேண்டும்?
• பழுது கருவியில் இல்லாமல் உங்கள் காதிலேயே இருந்தால், அதை உடனே கண்டுகொள்வது எப்படி?

1. இது ஏன் முக்கியம்?

கேட்கும் திறன் குறையும்போது பெரும்பாலும் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் மறையும். பேச்சுச் சத்தம் கேட்கும். ஆனால் சொல் விளங்காது. 'காலை' என்பதும் 'மாலை' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். 'எட்டு' என்றது 'பத்து' என்று கேட்கும். கிளினிக்கில் மருந்து கொடுப்பவர் "காலையில் ஒன்று" என்று சொன்னதை "மாலையில் ஒன்று" என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும்? இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுபவருக்கு இது சிறிய தவறு அல்ல.

சாலையில் பின்னால் வரும் லாரி, அடுப்பில் பொங்கும் பானை, கதவைத் தட்டும் சத்தம், இரவில் துணைவர் கூப்பிடும் குரல் ஆகிய எல்லாவற்றுக்கும் காது வேண்டும். அதைவிட, பேச்சு விளங்காதவர் மெல்ல மெல்லப் பேச்சையே தவிர்த்துவிடுகிறார். திருமண வீட்டில் ஓரமாக அமர்கிறார். தொலைபேசி மணி அடித்தால் மற்றவரிடம் நீட்டுகிறார். கேட்கும் திறன் குறைவைக் கவனிக்காமல் விடுவது, மறதி நோய் வரும் வாய்ப்பை அதிகரிக்கும் காரணங்களில் ஒன்று என்று மருத்துவ ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே பழுதான கருவியோடு ஒரு மாதம் காத்திருப்பது சாதாரண விஷயம் அல்ல.

2. ரிசீவர் என்றால் என்ன?

காதுக்குப் பின்னால் அணியும் கருவிகளில் இரண்டு வகை அதிகம் காணப்படுகின்றன.

முதல் வகையில், ஒலிபெருக்கி காதுக்குப் பின்னால் உள்ள பெட்டிக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சத்தம் காதுக்கு வரும்.

இரண்டாவது வகையில், ஒலிபெருக்கி காதுத் துளைக்குள்ளேயே அமர்ந்திருக்கும். பின்னால் உள்ள பெட்டியையும் இதையும் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி இணைக்கும். காதுக்குள் இருக்கும் இந்தச் சின்ன ஒலிபெருக்கிக்குத்தான் ரிசீவர் என்று பெயர். இந்தப் பாடம் இரண்டாவது வகையைப் பற்றியது.

உங்கள் கருவி எந்த வகை என்று அறிய, பெட்டியையும் காதையும் இணைக்கும் பகுதியைப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாகத் தெரிந்தால் அது குழாய். கம்பி ஓடுவது தெரிந்தால் அது ரிசீவர் வகை.

ரிசீவர் வகைக் கருவியின் முக்கிய உறுப்புகள் இவை:

• பெட்டி: காதுக்குப் பின்னால் இருப்பது. ஒலிவாங்கிகளும் பேட்டரியும் கணினிச் சில்லும் இதில் உள்ளன.
• கம்பி: பெட்டியிலிருந்து காதுக்கு வருவது.
• ரிசீவர்: கம்பியின் நுனியில் இருக்கும் ஒலிபெருக்கி. கம்பியும் ரிசீவரும் சேர்ந்து ஒரே உறுப்பாக வரும்.
• மெழுகு தடுப்பு: ரிசீவரின் வாயில் அமர்ந்திருக்கும் மிகச் சிறிய வடிகட்டி. காதுக்குறும்பி உள்ளே போகாமல் தடுக்கும்.
• டோம்: ரிசீவரின் மேல் மாட்டப்படும் மென்மையான ரப்பர் தொப்பி.

ரிசீவருக்குள் நுண்ணிய கம்பிச் சுருளும் காந்தமும் மெல்லிய தகடும் உள்ளன. மின்சாரம் பாயும்போது தகடு அதிர்ந்து சத்தம் உண்டாகிறது. இந்த நுண்ணிய அமைப்புக்கு மூன்று எதிரிகள்: காதுக்குறும்பி, ஈரம், கம்பியைப் பிடித்து இழுப்பது. நம் நாட்டு வெக்கையில் வியர்வையும் ஈரக்காற்றும் எப்போதும் உண்டு. அதனால் பெட்டி நன்றாக இருக்கும்போதே ரிசீவர் முதலில் பழுதாவது வழக்கம். இதை மனத்தில் கொண்டுதான் ரிசீவரைத் தனியாகக் கழற்றி மாற்றும் வகையில் செய்திருக்கிறார்கள்.

3. முதலில் காதைப் பாருங்கள்

சத்தம் திடீரென்று குறைந்தால் எல்லாரும் கருவியைத்தான் குறை சொல்வார்கள். சில வேளைகளில் குறை கருவியில் இருக்காது.

இப்படிச் சோதியுங்கள். கருவியைக் கழற்றிவிடுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு பாட்டை வைத்து, முதலில் ஒரு காதிலும் பிறகு மறு காதிலும் வைத்துக் கேளுங்கள். கருவி இல்லாமல் வழக்கமாக உங்களுக்கு எவ்வளவு கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காதில் அது திடீரென மிகவும் குறைந்திருந்தால், ரிசீவரைத் தேட வேண்டாம். மருத்துவரைத் தேடுங்கள்.

ஒரு சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ ஒரு காதின் கேட்கும் திறன் சட்டென்று விழுவது அவசர நோய். விரைவாகச் சிகிச்சை தொடங்கினால் காது திரும்பக் கேட்கும் வாய்ப்பு அதிகம். நாட்கள் கடந்தால் அந்த வாய்ப்புக் குறையும். "கருவி பழுது" என்று நினைத்து இரண்டு மூன்று வாரம் காத்திருந்தவருக்கு அந்தக் காதே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அதே நாளில் கிளினிக்கிற்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள்:

• ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது
• காதில் வலி, சீழ், இரத்தம்
• தலைசுற்றலோடு புதிதாக இரைச்சல் கேட்பது
• டோம் கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடுவது
• முகத்தின் ஒரு பக்கம் கோணுவது

முகம் கோணுவதோடு கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ இருந்தால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் காதுவலியையும் சீழையும் ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. அவர்களுக்குக் காதுத் தொற்று எலும்பு வரை பரவும் ஆபத்து உண்டு.

4. சத்தம் வரவில்லையா? ஐந்து படிச் சோதனை

காதில் மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகு கருவிக்கு வாருங்கள். ரிசீவர் பழுது என்று முடிவு செய்வதற்கு முன் எளிய காரணங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

படி 1: பேட்டரி. புதிய பேட்டரியைப் போடுங்கள். ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் ஒரு நிமிடத்திற்கு மேல் காற்றில் வைத்திருந்து பிறகு பொருத்துங்கள். இந்தப் பேட்டரி காற்றை உள்வாங்கித்தான் வேலை செய்யும். எண்ணைச் சரி பாருங்கள். தாளின் நிறம் 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். சார்ஜ் செய்யும் கருவியானால், சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

படி 2: டோம். டோமைக் கழற்றிப் பாருங்கள். அதன் துளையில் காதுக்குறும்பி அடைத்திருக்கலாம். கிழிந்தோ கெட்டியாகியோ இருந்தால் புதியதை மாட்டுங்கள்.

படி 3: மெழுகு தடுப்பு. சத்தம் வராததற்கு மிக அடிக்கடி காணப்படும் காரணம் இதுதான். வெள்ளையாக இருக்க வேண்டிய சின்னத் துளை பழுப்பாகவோ அடைந்தோ தெரிந்தால் மாற்றுங்கள். முறை அடுத்த பகுதியில் உள்ளது.

படி 4: ஒலிவாங்கித் துளைகள். பெட்டியின் மேல்பக்கம் சிறு துளைகள் இருக்கும். முகப்பவுடர், தலைமுடி எண்ணெய், திருநீறு ஆகியவை இவற்றை அடைக்கக்கூடும். உலர்ந்த மென்மையான தூரிகையால், துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடையுங்கள். ஊசியால் குத்த வேண்டாம்.

படி 5: உள்ளங்கைச் சோதனை. கருவியை இயக்கி, உள்ளங்கையில் வைத்துக் கையை மூடுங்கள். நன்றாக இருக்கும் கருவி பெரும்பாலும் 'கீ' என்று விசிலடிக்கும். இந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்காமல் போகலாம். நன்றாகக் காது கேட்கும் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இரு காதுக்கும் கருவி இருந்தால் இரண்டையும் இப்படிச் சோதித்து ஒப்பிடுங்கள். ஒன்று விசிலடித்து மற்றொன்று அமைதியாக இருந்தால், அமைதியான கருவியில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்து படிகளும் முடிந்த பிறகும் சத்தம் இல்லையென்றால், அல்லது கம்பியை அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால், ரிசீவர் பழுதாகியிருக்கலாம். சத்தம் கரகரப்பாக வந்தாலும் அப்படியே.

5. மெழுகு தடுப்பை மாற்றும் முறை

இதை வீட்டிலேயே யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

1. வெளிச்சமான இடத்தில் மேசை மேல் ஒரு துண்டை விரியுங்கள். கீழே விழுந்தால் தேட முடியாத அளவுக்குச் சிறிய பொருள் இது.
2. கைகளைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். கருவியை நிறுத்துங்கள்.
3. டோமைக் கழற்றுங்கள். ஒரு கையால் ரிசீவரைப் பிடித்து மறு கையால் டோமை இழுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டாம்.
4. மெழுகு தடுப்போடு வரும் சின்னக் குச்சியை எடுங்கள். பெரும்பாலான குச்சிகளில் இரண்டு முனைகள் உண்டு: ஒன்று வெறுமையாக இருக்கும், மற்றொன்றில் புதிய தடுப்பு இருக்கும்.
5. வெறும் முனையைப் பழைய தடுப்பினுள் நேராகக் குத்தி, நேராக வெளியே இழுங்கள். பழையது குச்சியோடு வந்துவிடும்.
6. குச்சியைத் திருப்புங்கள். புதிய தடுப்பை ரிசீவரின் வாயில் நேராக அழுத்தி, குச்சியை மட்டும் வெளியே எடுங்கள்.
7. டோமை மாட்டுங்கள். அது முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரியாக மாட்டாத டோம்தான் காதுக்குள் கழன்று விழும்.

சில கருவிகளில் குச்சிக்குப் பதிலாகச் சுழலும் வட்டத் தகடு இருக்கும். உங்களுடையது எது என்று கருவி வாங்கிய இடத்தில் கேட்டு வையுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒரு முறையோ, அடைப்புத் தெரியும்போதெல்லாமோ மாற்றுங்கள்.

6. ரிசீவரை நானே மாற்றலாமா?

பல கருவிகளின் கையேடுகள், ரிசீவரைச் செவித்திறன் நிபுணர்தான் மாற்ற வேண்டும் என்று கூறுகின்றன. கீழே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் மட்டுமே வீட்டில் மாற்றுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் நிபுணரிடம் செல்லுங்கள்.

கேள்வி 1: "நீங்களே மாற்றலாம்" என்று உங்கள் செவித்திறன் நிபுணர் சொல்லி, ஒரு முறை செய்தும் காட்டியிருக்கிறாரா?

கேள்வி 2: புதிய ரிசீவர் பழையதைப் போல அச்சாக ஒன்றா? நிறுவனம், வரிசை, பக்கம், நீளம், சக்தி ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும்.

கேள்வி 3: உங்கள் ரிசீவர் டோம் வகையா? உங்கள் காதின் அளவெடுத்துச் செய்த அச்சுக்குள் ரிசீவர் பதிந்திருந்தால் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி 4: கருவியின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா, அல்லது நீங்கள் கழற்றினாலும் உத்தரவாதம் நிற்கும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறாரா? உத்தரவாதம் இருக்கும்போது இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனை வழியாகப் பெற்ற கருவியானால் முதலில் அங்கே தொடர்பு கொள்ளுங்கள்.

கேள்வி 5: உங்கள் கண் பார்வையும் கை நடுக்கமும் இந்த வேலைக்கு இடம் கொடுக்குமா? இல்லையென்றால் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள்.

7. ரிசீவரில் உள்ள அடையாளங்கள்

நிறம். சிவப்பு வலது காதுக்கு. நீலம் இடது காதுக்கு. குங்குமம் எடுத்து வைப்பது வலது கை, குங்குமம் சிவப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எண். இது கம்பியின் நீளத்தைக் குறிக்கும். எண் சிறியதானால் கம்பி குட்டை, பெரியதானால் நீளம். நீளம் தவறினால் ரிசீவர் காதில் சரியாக உட்காராது. விசிலடிக்கும், அல்லது காதுத் தோலை அழுத்திப் புண்ணாக்கும்.

எழுத்து. இது சக்தியைக் குறிக்கும். 'எஸ்', 'எம்', 'பி', 'யூபி' என்பவை போன்ற எழுத்துகள் இருக்கும். சில நிறுவனங்கள் எழுத்துக்குப் பதிலாக 60, 85, 100 என்று எண்ணால் குறிக்கின்றன.

இந்தச் சக்தி அடையாளம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். "பெரிய சக்தி வாங்கினால் நன்றாகக் கேட்கும்" என்று எண்ண வேண்டாம். உங்கள் கருவியின் கணினிச் சில்லில் உங்கள் செவிப் பரிசோதனையின் அளவுகள் பதிந்துள்ளன. அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட ரிசீவரை மனத்தில் வைத்துப் போட்டது. வேறு சக்தியை மாட்டினால் கணக்குத் தவறிவிடும். சக்திமிக்க சில ரிசீவர்கள் 120 டெசிபலுக்கும் மேல் சத்தம் எழுப்பக் கூடியவை. அந்தச் சத்தம் எஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் அழித்துவிடக்கூடும். குறைந்த சக்தியை மாட்டினால் பேச்சு விளங்காது. சில புதிய கருவிகள் ரிசீவர் பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். எல்லாக் கருவியும் அப்படி எச்சரிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எழுத்துகள் மிகச் சிறியவை. கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவி நன்றாக வேலை செய்யும்போதே இந்தப் படத்தை எடுத்து வைப்பது நல்லது.

8. ரிசீவரை மாற்றும் முறை

1. துண்டு விரித்த மேசை, நல்ல வெளிச்சம், கழுவி உலர்ந்த கைகள். ஒரு நேரத்தில் ஒரு பக்கக் கருவியை மட்டும் எடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் வலமும் இடமும் மாறிப்போகும்.

2. பழைய ரிசீவரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம், எண், எழுத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கருவியை நிறுத்துங்கள். பேட்டரியை வெளியே எடுங்கள். சார்ஜ் வகையானால் பொத்தானை அழுத்தி முழுவதும் நிறுத்துங்கள்.

4. கம்பி பெட்டியோடு சேரும் இடத்தைப் பாருங்கள். மூன்று விதப் பூட்டுகள் உண்டு. ஒன்று, நேராக இழுத்தால் கழல்வது. இரண்டு, சிறு பொத்தானையோ நெம்பையோ அழுத்தினால் கழல்வது. மூன்று, குறுக்கே ஊசி போட்டுப் பூட்டியிருப்பது. மூன்றாவது விதத்திற்குத் தனிக் கருவி வேண்டும். நிபுணர் அதைக் கொடுத்துக் கற்றுத் தராவிட்டால் இங்கேயே நிறுத்துங்கள். குண்டூசியோ ஊக்கோ வைத்துத் தள்ள வேண்டாம்.

5. ஒரு கையில் பெட்டியையும், மறு கையில் கம்பியின் அடியில் உள்ள கெட்டியான முனையையும் பிடித்து நேராக இழுங்கள். திருக வேண்டாம். மெல்லிய கம்பியைப் பிடிக்க வேண்டாம். வரவில்லையென்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் நிறுத்துங்கள்.

6. பெட்டியில் தெரியும் மின்தொடுப்புகளைத் தொட வேண்டாம், வாயால் ஊத வேண்டாம். வாய்க்காற்றில் ஈரம் உண்டு. பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால் வியர்வை உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கருவியை நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள்.

7. புதிய ரிசீவரின் முனையை நேராக உள்ளே தள்ளுங்கள். 'டக்' என்ற சத்தம் உங்களுக்குக் கேட்காமல் போகலாம். முனை முழுவதும் உட்கார்ந்து இடைவெளி இல்லாமல் இருப்பதை விரல் நகத்தால் தடவி உணருங்கள்.

8. புதிய ரிசீவரில் மெழுகு தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அளவிலேயே புதிய டோமை மாட்டி இழுத்துச் சோதியுங்கள்.

9. பேட்டரியைப் போட்டுக் கருவியை இயக்கி, உள்ளங்கைச் சோதனை செய்யுங்கள்.

10. காதில் அணிவதற்கு முன், வீட்டில் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒலி அளவைக் குறைக்க முடிந்தால் குறைத்துவிட்டு அணியுங்கள்.

11. மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலில் நீங்களே பேசிப் பாருங்கள். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் அமர்ந்து இன்னொருவர் சாதாரணக் குரலில் பேசட்டும். கடைசியாகக் கைதட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றில் சத்தம் பழையதைவிடப் பெரிதாகவோ, காதைக் குத்துவதாகவோ இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

12. கழற்றிய ரிசீவரைத் தூக்கி எறிய வேண்டாம். தேதி எழுதி ஓர் உறையில் போட்டு, அடுத்த சந்திப்புக்குக் கொண்டு செல்லுங்கள். நீங்கள் மாற்றியதை நிபுணரிடம் சொல்லுங்கள். அவர் கணினியில் இணைத்து அளவுகளைச் சரிபார்ப்பார்.

9. உதிரிப்பாகம் வாங்கும்போது

ஒரு நிறுவனத்தின் ரிசீவர் மற்ற நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் புதிய வரிசைக்கும் பழைய வரிசைக்கும்கூட வேறுபாடு உண்டு. கருவி வாங்கிய நிலையத்தில், கருவியின் தொடர் எண்ணைக் கொடுத்து வாங்குவதே பாதுகாப்பு.

மலேசியாவில் மருத்துவக் கருவிகள் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செவித்திறன் நிபுணர்கள் 2016-ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழிலர் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டியவர்கள். "பதிவு பெற்றவரா?" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பெட்டியும் முத்திரையும் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் ரிசீவர், யாரோ பயன்படுத்திய பழையதாக இருக்கலாம்.

10. ரிசீவர் நீண்ட நாள் உழைக்க

• இரவில் படுக்கும்போது கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிய டப்பாவில் வையுங்கள். பேட்டரி வகையானால் மூடியைத் திறந்து வையுங்கள். சார்ஜ் வகையானால் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள்.
• குளிக்கும் முன், தலைக்கு எண்ணெய் தேய்க்கும் முன், பவுடர் பூசும் முன் கழற்றுங்கள்.
• காதில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். எண்ணெய் ரிசீவரை அடைத்துவிடும். மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தானால், எவ்வளவு நேரம் கழித்துக் கருவியை அணியலாம் என்று அவரையே கேளுங்கள்.
• கோழி இறகு, கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி எதையும் காதுக்குள் விட வேண்டாம். குறும்பி சேர்ந்தால் கிளினிக்கில் எடுத்துவிடுவார்கள்.
• மூக்குக் கண்ணாடியையும் முகக் கவசத்தையும் கழற்றும்போது கம்பி சிக்கி இழுபடும். ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள்.
• டோமை ஏறக்குறைய 2 அல்லது 3 மாதத்திற்கு ஒரு முறை மாற்றுங்கள்.
• பேட்டரியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாத்திரையோடு ஒரே டப்பாவில் வைக்கவே வேண்டாம்; இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். யாராவது விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

11. உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். பீடோர் மக்கள் பீடோர் சுகாதாரக் கிளினிக்கை நாடலாம். அங்கே காதைப் பார்த்து, தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை பேராக்கின் முக்கிய அரசாங்க மருத்துவமனை.

பீடோரிலிருந்து ஈப்போ தூரம். போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, கருவியின் பெயரையும் ரிசீவரின் அடையாளங்களையும் சொல்லுங்கள். உதிரிப்பாகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரே பயணத்தில் வேலை முடியும். தொலைபேசியில் கேட்பது சிரமமானால் வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

செலவுக்கு உதவி தேவைப்படுவோர் சமூக நல இலாகாவில் ஓகேயு பதிவு பற்றியும் துணைக் கருவிக்கான உதவி பற்றியும் விசாரிக்கலாம். வேலையிடச் சத்தத்தால் காது பாதிக்கப்பட்ட சந்தாதாரர்கள் சொக்சோவில் கேட்கலாம். அரசாங்க ஓய்வூதியம் பெறுபவர்கள் தங்கள் மருத்துவச் சலுகையைப் பற்றி மருத்துவமனையில் கேளுங்கள்.

12. நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி: காலையில் எழுந்ததும் வலது காது கேட்கவில்லை. கருவி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். என்ன செய்வது?
விடை: இது காதின் பிரச்சினை. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: கருவியில் சத்தம் இல்லை. பேட்டரி புதியது. அடுத்து எதைப் பார்ப்பது?
விடை: டோம், பிறகு மெழுகு தடுப்பு, பிறகு ஒலிவாங்கித் துளைகள், கடைசியாக உள்ளங்கைச் சோதனை.

கேள்வி: பழைய ரிசீவரில் 'எம்' என்று உள்ளது. கடையில் 'பி' மட்டும்தான் இருக்கிறது. வாங்கலாமா?
விடை: கூடாது. சக்தி மாறினால் காதுக்கு ஆபத்து.

கேள்வி: நீல நிற ரிசீவர் எந்தக் காதுக்கு?
விடை: இடது காதுக்கு.

13. என் கருவி அட்டை

கீழே உள்ளதை நிரப்பி, வெட்டி எடுத்து, கருவியின் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த சந்திப்பில் நிபுணரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கருவியின் நிறுவனமும் வரிசையும்: ____________
தொடர் எண்: ____________
வலது (சிவப்பு) ரிசீவர் – நீளம்: ____ சக்தி: ____
இடது (நீலம்) ரிசீவர் – நீளம்: ____ சக்தி: ____
டோம் அளவு: வலது ____ இடது ____
மெழுகு தடுப்பின் வகை: ____________
பேட்டரி எண்: ____________
ரிசீவர் கடைசியாக மாற்றிய தேதி: ____________
"நானே மாற்றலாம்" என்று நிபுணர் கூறினாரா? ஆம் / இல்லை

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: அப்பா அம்மா, தாத்தா பாட்டி கருவியைக் கழற்றி வைத்துவிட்டால், "ஏன் போடவில்லை?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். கருவியை வாங்கிப் பாருங்கள். ஐந்து படிச் சோதனையைச் சேர்ந்து செய்யுங்கள். பல நேரங்களில் அடைத்துப்போன ஒரு சின்ன வடிகட்டிதான் அவர்களைப் பேச்சிலிருந்து பிரித்து வைத்திருக்கும். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

மேல் விவரங்களுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை நாடுங்கள்.